ஈரோடு வரைக்கும்

பனியன் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போவது எல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ரயில்வேயில் ஒரு வேகனுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிவிடுகிறார்கள். அதில் இரும்பை ஏற்றினால் பாதி உயரம் வருவதற்குள் வேகன் தாங்கும் எடை முடிந்துவிடும். பனியனைக் கூரை தொட ஏற்றினாலும் வேகனுக்கு உறைக்காது. அதனால் பனியன் ஏற்றுகிறவனுக்கு எடையைப் பற்றிக் கவலையே கிடையாது, காலி இடம்தான் கவலை. உள்ளே ஒரு முழம் காலியாக நின்றால், அந்த ஒரு முழக் காற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்ப முதலாளி வாடகை கொடுக்கிறார் என்று அர்த்தம்.

நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும் இன்ஸ்பெக்டர். என் மச்சினன் வெள்ளையன் அந்த வேகனுக்குள் எப்படி இருந்தான், கதவைச் சாத்தியது யார் என்று கேட்டீர்கள். சாத்தியது நான்தான். நேற்று நான் சொன்னதில் இரண்டு இடங்கள் சரியில்லை. இன்றைக்கு அவற்றைத் திருத்திச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏற்றுகிற முறை தெரியாமல் அதைக் கேட்டால் என்னை ஏதோ கொலைகாரன் என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். அதனால்தான் காற்றில் ஆரம்பித்தேன்.

என் பெயர் கன்னையன். திருப்பூர் கூட்ஸ் ஷெட்டில் உமர் சாயபு பனியன் கம்பெனிக்கு லோடிங் மேஸ்திரி. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் யாரை எங்கே நகர்த்தினால் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி ராமாத்தாள் பரணில் பாத்திரம் அடுக்கினால், அவள் அந்தப் பக்கம் போனதும் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்குவேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு மூட்டையைக் கட்டிக்கிட்டிருக்கலாமுங்க, சும்மாவாச்சும் கெடக்கும்" என்று அவள் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளையன் ராமாத்தாளின் தம்பி. அவர்கள் அம்மா செத்தபோது அவன் நடக்கப் பழகிய பிள்ளை. கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது ராமாத்தாள் அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். என் தோளில் உட்கார்ந்து நல்லூர்த் தேர் பார்த்தவன். என்னை மச்சான் என்று கூப்பிடுவான், ஆனால் தகப்பனிடம் நடந்துகொள்வது போலத்தான் என்னிடம் நடந்துகொள்வான். நான் அவனை நேசித்தேன். இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். பேல் என்பது பனியன் அட்டைப்பெட்டிகளைச் சேர்த்துச் சாக்கில் தைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பொதி. அதை வேகனுக்குள் செங்கல் அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே வருவார்கள். சிக்கல் கூரையில்தான். வேகனின் கூரை தட்டையாக இருக்காது. மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்து வளைந்திருக்கும். பேல் சதுரம். எப்படி அடுக்கினாலும் மேலே ஒரு ஆள் படுக்கிற உயரத்துக்கு இடம் மிஞ்சும். திருப்பூரில் எல்லாக் கம்பெனிகளும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள். மீந்த பேல்களைத் தனியாகப் பார்சலில் போட்டு, அதற்கு வேறு கூலி கொடுத்தார்கள்.

பட்டை போடாமல் சாக்கில் மட்டும் தைத்த சின்னப் பொதிகளைச் செய்யச் சொன்னேன். அரை பேல் என்று பேர் வைத்தோம். அமுக்கினால் அமுங்கும், வளைவில் திணித்தால் வளைவுக்குத் தகுந்தபடி உட்காரும். அதைத் திணிக்க ஓர் ஆள் அடுக்கின்மேல் குப்புறப் படுத்து, வேகனின் கோடிவரை ஊர்ந்து போக வேண்டும். பின்னாலிருந்து நாங்கள் தள்ளிவிடும் அரை பேல்களை வாங்கி, மூலையிலிருந்து அடைத்துக்கொண்டே காலை முன்னால் விட்டுத் திரும்பி வர வேண்டும். இரண்டு பக்கக் கோடிகளும் முடிந்து அவன் பிளாட்பாரத்தில் இறங்கி நின்ற பிறகுதான் வாசலை அடுக்குவோம். அந்த ஆளுக்கு எங்கள் லோடிங் செட்டில் மேலாள் என்று பெயர். மேலாள் ஒல்லியாக இருக்க வேண்டும். வெள்ளையன் ஒல்லி.

அவன் தானாக ஒல்லியாக இருந்தான் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவனுக்கு இரண்டாவது முறை சோறு போடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ராமாத்தாள் என்னோடு சண்டை போடுவாள். "வேலை செய்யறவனுக்கு வயித்துக்குப் போடாம எப்படீங்க?" என்பாள். மேலாளுக்குக் கூலி அதிகம், அவன் எதிர்காலத்துக்குத்தான் சேருகிறது என்று சொல்வேன். வெள்ளையனும், "எனக்குப் போதுமுங்க்கா" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவான். நான் ஊரில் இல்லாத நாட்களில் அவள் அவனுக்குத் தனியாகச் சமைத்துப் போட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவன் படுத்து ஊரும்போது கூரைக்கும் முதுகுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று பார்ப்பேன். அதில் தெரிந்துவிடும். அவளிடம் கேட்டதில்லை. சில விஷயங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது.

கல்யாணமும் தள்ளிப் போயிற்று. அதற்கும் நான்தான் காரணம். பெண் வந்தால் நன்றாகச் சமைத்துப் போடுவாள், உடம்பு வைத்துவிடும் என்று ஒவ்வொரு ஜாதகத்திலும் ஏதாவது ஒரு குறை சொன்னேன். அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது. கடைசியில் ராமாத்தாளே சேவூருக்குப் போய் வேலாத்தாள் என்று ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தாள். பெண்ணின் அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் நிலம் இருந்தது, மகன் கிடையாது. கல்யாணமானதும் வெள்ளையன் சேவூரிலேயே இருந்து காட்டு வேலையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவன் வந்து சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்க வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க மச்சான். கோவிச்சுக்காதீங்க."

"நானெதுக்குக் கண்ணு கோவிச்சுக்கறேன்? பூஜை லோடு ஒண்ணை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

"அதுக்கென்னங்க, செஞ்சு தாரேன்" என்றான்.

கல்கத்தாவில் துர்கா பூஜைக்கு முன்னால்தான் பெரிய வியாபாரம். அந்த லோடுக்கு மற்றக் கம்பெனிக்காரர்கள் சிலர் ஷெட்டுக்கு வந்து பார்ப்பதாக இருந்தது. என் முறையை அவர்களும் எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. உமர் சாயபுக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேஸ்திரி, ரெண்டு பேலு வெளிய நின்னா நின்னுட்டுப் போகட்டுமுங்க. பார்சல்ல போட்டுக்கலாம். ஆளுக்குச் சிரமம் வேண்டாம்" என்றார். நல்ல மனிதர். அவர் என்னை ஒரு நாளும் நெருக்கியதில்லை. யாருமே நெருக்கியதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பழியைப் பகிர்ந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை.

அன்று வெயில் கடுமை. முதல் கோடி நன்றாக முடிந்தது. இரண்டாவது கோடியில் வெள்ளையன் மெதுவாகத்தான் நகர்ந்தான். நிச்சயமானதிலிருந்து சேவூரில் அவனுக்கு விருந்து நடந்துகொண்டிருந்தது. முதுகு கூரையில் உரசுவதைப் பார்த்தேன். வந்திருந்தவர்கள் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு காரியம் செய்தேன். மேலாள் இறங்கிய பிறகு வாசலை அடுக்குவதுதான் வழக்கம் என்றேனில்லையா? அன்று அவன் உள்ளே இருக்கும்போதே வாசலை அடுக்கச் சொன்னேன், மேலே அவன் வெளியே வர ஒரு பொந்து மட்டும் விட்டு. சென்னிமலை எங்கள் செட்டில் மூத்த ஆள். "அவன் எறங்கட்டுமுங்க மேஸ்திரி" என்றான். "பொந்துதான் இருக்குதுல்ல" என்றேன். பிறகு கூட்ஸ் கிளார்க்கிடம் போய் வேகன் தயார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் இஞ்சின் வந்து சேர எப்படியும் நேரமாகும் என்பது என் கணக்கு. அதற்குள் அவன் இறங்கிவிடுவான்.

இஞ்சின் உடனே வந்துவிட்டது. வேறொரு வேகனை எடுக்க ஷெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. ஆட்கள் கடைசிப் பொதியைக் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போயிருந்தார்கள். வாசலில் நான் மட்டும்தான். இஞ்சின் வந்து முட்டியது. முட்டுவது எப்போதும் உள்ளதுதான், வாசல் கடைசியில் இறுக்கமாக அடுக்கியிருந்தால் ஒன்றும் ஆகாது. அன்று பொந்து இருந்ததால் உள் கோடிவரைக்கும் மேல் வரிசை சரிந்தது. வாசல் பக்கத்து பேல் ஒன்று பொந்துக்குள் இறங்கி உட்கார்ந்தது. இடைவெளியே இல்லாமல், நான் கையால் வைத்தாலும் அப்படி வந்திருக்காது. அவ்வளவு கச்சிதமாக.

நேற்று உங்களிடம், இஞ்சின் நீராவி விட்ட சத்தத்தில் உள்ளே இருந்து எதுவும் கேட்கவில்லை, அவன் ஏற்கெனவே இறங்கிவிட்டான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன் என்று சொன்னேன். இதுதான் நான் திருத்த வேண்டிய முதல் இடம். கேட்டது.

"மச்சான், காலுமேல பேலு விழுந்துருச்சுங்க. எடுக்க முடியலீங்க. வாசலப் பிரிச்சு உடுங்க."

அவன் கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரம் முழுவதும் காலியாக இருந்தது. காலையில் மலை போல் குவிந்திருந்த சரக்கில் ஒரு பொதிகூட வெளியே இல்லை. சாக்கு நார்களும் கால் தடங்களும்தான் கிடந்தன. நிழலில் நின்றவர்கள் அந்தக் காலித் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமர் சாயபு சிரித்துக்கொண்டு என் பக்கம் கையைத் தூக்கினார். வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. கொடி பிடித்திருந்த ரயில்வே ஆள், "சாத்துங்க மேஸ்திரி, வண்டிக்கு நேரமாச்சு" என்றான்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். வாசலைப் பிரித்தால் இஞ்சின் இந்த வேகனை விட்டுவிட்டுப் போய்விடும். மறுபடி அடுக்க நாளாகும், பூஜைச் சந்தை தவறிவிடும். ஈரோடு பக்கத்தில்தான். அங்கே வேகனைக் கல்கத்தா வண்டியில் கோர்க்க எப்படியும் நேரம் எடுக்கும். நான் பஸ்ஸில் போனால் வேகனுக்கு முன்னாலேயே போய்விடலாம். அங்கே யாரும் வேடிக்கை பார்க்க வரப்போவதில்லை. அமைதியாகத் திறந்து ஆளை இறக்கிவிடலாம். கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன்.

"ஈரோடு வரைக்கும் பொறுத்துக்க கண்ணு. அங்க வந்து பிரிச்சு உடறேன்."

உள்ளே சாக்கு உரசுவது கேட்டது. பிறகு, "செரீங்க மச்சான்" என்றான்.

அவன் சம்மதித்தான் என்பதைக் கவனியுங்கள். சம்மதித்த பிறகுதான் சாத்தினேன். சீல் வைத்தார்கள். ஆட்கள் திரும்பி வந்து கேட்டபோது, வெள்ளையன் சேவூர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். புது மாப்பிள்ளைக்கு வேறென்ன வேலை என்று அவர்களில் வேலுமணி என்பவன் கேலி பேசினான். சென்னிமலை மட்டும் சிரிக்கவில்லை.

நான் பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போனேன். யார்டில் அந்த வேகனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது என்று நேற்று சொன்னேன். இரண்டாவது இடம் இதுதான். வேகன் ஓரத்துத் தண்டவாளத்தில் நின்றிருந்தது. தேடவே தேவைப்படவில்லை. இரும்புக் கதவு கை வைக்க முடியாமல் கொதித்தது. மிதிபடியில் ஏறி நின்று தட்டினேன்.

"வந்துட்டீங்களா மச்சான்?"

குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. உள் கோடியிலேயே கிடக்கிறான் என்று தெரிந்தது.

"வந்துட்டேன் கண்ணு. எப்படி இருக்கற?"

"வெக்கை தாங்கலீங்க. காலு மரத்துப் போச்சு, அசைக்க வரலீங்க."

"கொஞ்சம் பொறுத்துக்க. ஆபீஸ்ல சொல்லி ஆளக் கூட்டிக்கிட்டு வாரேன்."

"அவசரமில்லீங்க. லோடு கலையாமப் பாத்து எடுக்கச் சொல்லுங்க" என்றான்.

அவன் அப்படித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இறங்கி ஆபீஸை நோக்கி நடந்தேன். ஆளைக் கூட்டி வரத்தான் நடந்தேன், அதில் சந்தேகம் வேண்டாம். தண்டவாளங்களைத் தாண்டிக்கொண்டு போகும்போது யோசனை வந்தது. யோசிக்கிற சுபாவம் எனக்கு. சீலை உடைக்கக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே ஆளை வைத்துச் சாத்தியது ஏன் என்று கேட்பார்கள். மேலாளே கூடாது என்று ரயில்வேயில் தடை போடுவார்கள். ஈரோட்டு ஆட்கள் பொதிகளை இழுத்துப் போடுவார்கள், திரும்ப அடுக்க வராது, பாதிச் சரக்கு பிளாட்பாரத்தில் நிற்கும். இவையெல்லாம் நியாயமான யோசனைகள். இவற்றுக்காக ஓர் உயிரை விடுவார்களா என்று கேட்டால், மாட்டார்கள். நானும் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் வந்தது. வெள்ளையன் வீட்டுக்கு வருவான். ராமாத்தாள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்பாள். "பிரிச்சு உடுங்கன்னேன், மச்சான் கதவச் சாத்திப்போட்டாருங்க்கா" என்று சொல்வான். கோபமாகச் சொல்ல மாட்டான். சிரித்துக்கொண்டே சொல்வான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று அந்தத் தண்டவாளத்தின் நடுவில் எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ வருஷம் அவள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு என்னோடு வாழ்ந்திருக்கிறாள்.

ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்து, "என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. கல்கத்தா வேகன் போற வண்டி எப்பக் கெளம்புமுன்னு கேட்டுப்போட்டுப் போலாமுன்னு வந்தேன்."

"இப்பக் கெளம்பிருமுங்க."

"செரீங்க" என்றேன்.

வெளியே வந்து நின்றேன். வண்டி கிளம்பியது. வேகனின் பக்கம் போகவில்லை. போனால் மறுபடி பேச வேண்டியிருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. என் நெஞ்சு உடைந்துபோயிற்று என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் உடைந்துதான் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். கண்டக்டர் குனிந்து, "ஏனுங்க அழுகறீங்க, ஆராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, என் மச்சினன்" என்றேன். அப்போது வண்டி சேலத்தைக்கூடத் தொட்டிருக்காது.

வழியில் எந்த ஸ்டேஷனுக்காவது தந்தி கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். அந்த வேகன் என்றைக்கு எங்கே நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். ஜோலார்பேட்டையில் நிற்கும்போது தெரியும், அரக்கோணத்தில் நிற்கும்போது தெரியும். அன்றன்றைக்கு அந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். தபால் ஆபீஸ் ஷெட்டுக்கு எதிரில்தான் இருக்கிறது. நான் துக்கத்தில் இருந்தேன். துக்கத்தில் இருக்கிற மனிதனுக்கு எதுவும் ஓடாது.

சேவூரிலிருந்து வேலாத்தாளின் அப்பா வந்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். பம்பாய்க்கு வேலை தேடிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். "எங்கிட்டச் சொல்லாம அவம் போகமாட்டானுங்க" என்று ராமாத்தாள் உள்ளே இருந்து சொன்னாள். உமர் சாயபு பம்பாயில் தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் ஆள் விட்டு விசாரித்தார். பிறகு கல்கத்தாவின் ஹௌரா ஸ்டேஷனில் வேகனைத் திறந்தார்கள். செய்தியை எடுத்துக்கொண்டு உமர் சாயபு என் வீட்டுக்கே வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தே ராமாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"கதவச் சாத்தறப்ப நீங்க எங்கீங்க நின்னுட்டு இருந்தீங்க?"

"அங்கதான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. எந்தப் பார்வைக்குப் பயந்து ஈரோட்டில் திரும்பி நடந்தேனோ, அதைப் பார்த்துவிட்டேன். அது நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. அவள் கண்ணில் கோபம் இல்லை. யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மறுநாள் காலையில் சென்னிமலையைக் கூட்டிக்கொண்டு அவளே உங்களிடம் வந்தாள்.

கல்கத்தாவிலிருந்து வந்த விவரத்தை இப்போது நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அவன் கதவோரத்தில் கிடந்தானாம், கதவிடுக்கில் முகத்தை வைத்தபடி. வாசல் பக்கத்துப் பொதிகளெல்லாம் கையால் கிழிக்கப்பட்டு, பனியன்கள் உள்ளே இழுத்துப் போடப்பட்டிருந்தனவாம். விரல்களில் நகம் இல்லையாம். இதைப் படித்துவிட்டு நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஈரோட்டில் அவன் உள் கோடியில், காலை அசைக்க முடியாமல் கிடந்தான். அப்படியானால் கதவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இறுகிய பொதிகளைக் கிழித்து, ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி செய்துகொண்டு, அந்தக் காலோடு அவ்வளவு தூரம் ஊர்ந்து வர அவனுக்குச் சில நாட்களாவது பிடித்திருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம். நீங்கள் அவன் பயத்தில் அப்படிச் செய்தான் என்று நினைக்கிறீர்கள். அவனை உங்களுக்குத் தெரியாது. ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். நான் வந்து திறக்கும்போது எனக்குச் சிரமம் இல்லாமல் உடனே இறங்கிவிடலாம் என்றுதான் கதவுக்கு வந்து காத்திருந்திருப்பான். கடைசி மூச்சு வரை நான் வருவேன் என்ற நம்பிக்கையோடு இருந்தான். பயந்து சாகவில்லை. அந்த நிம்மதியை அவனுக்கு நான் கொடுத்தேன். இதை ராமாத்தாளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள்.